அதே பன்னிரண்டு நிமிடங்கள்

டிரம் கோர் என்ற அமெரிக்க அணிநடை இசைக் குழுக்களின் ரசிகர் ஒருவர் ஜூன் மாதக் கடைசியில், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், தனக்குப் பிடித்த குழுவின் நிகழ்ச்சியை முதன்முறையாகப் பார்க்கிறார். ஜூலையில் அதே நிகழ்ச்சியை வேறு இரண்டு மூன்று ஊர்களில் பார்க்கிறார். ஆகஸ்டு இரண்டாம் வாரம் இறுதிப் போட்டிகள் நடக்கும் இண்டியானாபொலிஸ் நகருக்குப் போய், வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளும் மறுபடி அதையே பார்க்கிறார். ஒரு முறைக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நீளாத நிகழ்ச்சிக்காக அவர் செலவழிக்கும் பெட்ரோலையும் ஓட்டல் வாடகையையும் விடுப்பு நாட்களையும் எண்ணிப் பார்க்கும் உறவினர்கள், ஒரே திரைப்படத்தை ஏழு முறை பார்க்கும் ஆளோடு அவரை ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு பொருந்தாது. திரைப்படம் வெளியாகும் நாளிலேயே முடிந்துவிட்ட பொருள். டிரம் கோர் நிகழ்ச்சியோ ஜூனில் அரைகுறையாக மக்கள் முன் வருகிறது. ஏழு வாரங்கள் அவர்கள் கண்ணெதிரிலேயே பிரித்து மாட்டப்படுகிறது. இறுதிப் போட்டி நடக்கும் இரவில்தான் முழு வடிவத்துக்கு வருகிறது. அந்த இரவோடு இல்லாமலும் போய்விடுகிறது. நெடுங்கால ரசிகர்களின் பழக்கங்களும் பிடிவாதங்களும் சண்டைகளும் பெரும்பாலும் இந்த ஒரு தன்மையிலிருந்தே முளைத்தவை.

டிரம் கோர் என்பது பித்தளை ஊதுகருவிகள், டிரம்கள், கொடியும் மரத்துப்பாக்கியும் ஏந்தி ஆடும் கலர் கார்டு ஆகிய மூன்று பிரிவுகள் கொண்ட அமெரிக்க அணிநடைக் குழு. கிளாரினெட், சாக்சபோன், புல்லாங்குழல் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. பெரிய குழுக்களில் உறுப்பினர் எண்ணிக்கை 150-ஐத் தாண்டும். வேர்ல்ட் கிளாஸ் எனப்படும் மேல்நிலைப் பிரிவில் இருபத்தொரு வயதோடு ஒருவருடைய காலம் முடிந்துவிடும். பள்ளி, கல்லூரிகளின் மார்ச்சிங் பேண்டுகளை ஒத்திருந்தாலும் இவை எந்தக் கல்விக்கூடத்தையும் சேர்ந்தவை அல்ல. நாடெங்கிலுமிருந்து தேர்வு வைத்து உறுப்பினர்களை எடுத்துக்கொள்ளும் தனி அமைப்புகள். ஆடும் இடம் அமெரிக்கக் கால்பந்து மைதானம்தான். ஆனால் ஆட்டத்தின் இடைவேளையை நிரப்புவதற்காக இவர்கள் வருவதில்லை. அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த இசைக்கும் நடைக்கும் என்றே சீட்டு வாங்கியவர்கள். இந்தப் போட்டிகளை நடத்தும் அமைப்பு டிரம் கோர் இண்டர்நேஷனல். சுருக்கமாக டிசிஐ என்பார்கள்.

இந்தக் கலையின் மூலம் போர்ப்பாசறை. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் 1919-இல் அமெரிக்கன் லீஜன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அச்சங்கமும், அதைப் போன்ற பிற முன்னாள் வீரர் சங்கங்களும் ஊர்தோறும் கிளை அமைத்தபோது, ஊர்வலத்துக்கு என்று பியூகிள் எனும் படைக்கொம்பும் டிரம்மும் கொண்ட குழுக்களை உருவாக்கின. பிறகு தேவாலயங்களும் சாரணர் இயக்கமும் இளைஞர்களுக்காக இதே போன்ற குழுக்களைத் தொடங்கின. பத்து முறை டிசிஐ பட்டம் வென்ற கேடட்ஸ் குழு, 1934-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் கார்ஃபீல்டு என்ற சிற்றூரில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சார்ந்து பிறந்தது. மரக்கருவிகளுக்கு இன்றைக்கும் தடை இருப்பதற்குக் காரணம் இந்தப் பரம்பரைதான்: பாசறையில் பியூகிள் இருந்தது, கிளாரினெட் இல்லை.

சங்கங்கள் நடத்திய போட்டிகளில் விதிகளையும் அவையே எழுதின. எந்த வரிசையில் நிற்பது, கொடியை எப்படிக் காப்பது, களத்தில் என்ன செய்யலாம் என்பதையெல்லாம் குழுக்களை நடத்தியவர்கள் தீர்மானிக்க முடியவில்லை. அவர்கள் கைக்கு வந்த பணமும் மிகக் குறைவு. 1971-இல் ட்ரூப்பர்ஸ், கேவலியர்ஸ், புளூ ஸ்டார்ஸ், மேடிசன் ஸ்கவுட்ஸ், சாண்டா கிளாரா வேன்கார்டு ஆகிய ஐந்து குழுக்கள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் டிசிஐ. ட்ரூப்பர்ஸை வயோமிங்கில் நிறுவிய ஜிம் ஜோன்ஸும், கேவலியர்ஸை நிறுவிய டான் வாரனும் இதற்கு முன்நின்றவர்கள். 1972 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் நகரில் முதல் இறுதிப் போட்டி நடந்தது. கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றது. அன்றுமுதல் விதிகளை எழுதும் உரிமை குழுக்களின் கைக்கு வந்தது. அந்த உரிமையை அவர்கள் ஓயாமல் பயன்படுத்தியதன் விளைவுகளை ரசிகர்கள் இன்னும் ஏற்றும் மறுத்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நிகழ்ச்சி ஏன் கோடை முழுவதும் மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, மதிப்பெண் முறையில் 1984-இல் நடந்த மாற்றத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்பு இருந்தது 'டிக்' முறை. குழு முழு மதிப்பெண்ணோடு தொடங்கும். நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாகக் களத்துக்குள்ளேயே வரிசைகளுக்கு இடையில் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு பிழைக்கும் 0.1 குறைப்பார்கள். ஸ்னேர் டிரம் வாசிக்கும் எட்டுப் பேரில் ஒருவருடைய குச்சி ஒரு நொடியின் துணுக்கு முந்தினாலும் ஒரு டிக். அந்த முறையில் வெல்வதற்குப் பாதுகாப்பான வழி, கடினமானதை எழுதாமலிருப்பதும், எழுதியதை மே மாதத்திலிருந்து மாற்றாமல் பயிற்சி செய்வதும்தான். 1984-இல் டிக் முறையைக் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு நடுவர் இரண்டு கேள்விகளுக்கு மதிப்பெண் தருகிறார்: இவர்கள் எதைச் செய்ய முயல்கிறார்கள், அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள். மொத்தம் 100 மதிப்பெண்ணில் 40 'ஜெனரல் எஃபெக்ட்' எனப்படும் ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு, 30 காட்சிக்கு, 30 இசைக்கு. காட்சியில் நடை, அமைப்பு, கலர் கார்டு என்று மூன்று நடுவர்கள் ஆளுக்கு இருபதுக்குப் போட்டு, கூட்டுத்தொகையைப் பாதியாக்குவார்கள். இசையிலும் பித்தளை, அமைப்பு, டிரம் என்று அதே கணக்கு.

கழிக்கும் முறை கூட்டும் முறையானதும், வடிவமைப்பாளர்களுக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. ஜூனில் நடுவர் ஒலிப்பதிவில் பேசிவைக்கும் கருத்தைக் கேட்டு, 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை' என்று அவர் சொன்ன பகுதியை அடுத்த வாரத்துக்குள் மாற்றி எழுதினால் அது மதிப்பெண்ணாகத் திரும்பி வரும். ஆகவே முடிவுப் பகுதி எழுதப்படாமலேயே ஒரு குழு சுற்றுப்பயணத்தைத் தொடங்குவது இன்று சாதாரணம். ஜூலை நடுவில் இருபது வினாடிப் பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். உறுப்பினர்கள் அதைக் காலையில் கற்றுக்கொண்டு இரவில் ஆட வேண்டும். கால்பந்து மைதானத்தின் ஒவ்வொரு ஐந்து கெஜத்துக்கும் எட்டுக் காலடி என்பது அவர்களுடைய அளவுகோல். ஒரு காலடி சுமார் 57 செண்டிமீட்டர். ஒவ்வொருவரும் தனக்குரிய புள்ளிகளை, எந்தக் கோட்டிலிருந்து எத்தனை காலடி என்ற கணக்கில், மனத்தில் வைத்திருக்கிறார். பத்துப் புள்ளிகளை மாற்றினால் நூற்றைம்பது பேருக்கும் பத்துப் பத்துப் புள்ளிகள் மாறுகின்றன.

எனவே ஜூனில் பார்ப்பவர் ஒரு வரைவைத்தான் பார்க்கிறார். முதல் வாரங்களில் முன்னணிக் குழுக்கள்கூட எழுபதுகளில் மதிப்பெண் பெறும். ஆகஸ்டில் அதே குழுக்கள் 97, 98 என்று நிற்கும். புதிதாக வருபவர் எழுபத்து மூன்று என்ற எண்ணைக் கேட்டு, குழு மோசம் என்று முடிவுகட்டிவிடுகிறார். பழையவர் அந்த எண்ணைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எந்தப் பகுதியில் ஓட்டை இருக்கிறது, எது மாறப்போகிறது என்று குறித்துக்கொள்கிறார். இரண்டாம் பாடல் தொடங்கும் இடத்தில் கொடிகள் ஏன் வலப்புறம் குவிந்து கிடக்கின்றன, முடிவுக்கு முன்னால் அந்த நீண்ட நிறுத்தம் எதற்காக என்ற கேள்விகளோடு வீட்டுக்குப் போகிறார். மூன்று வாரம் கழித்துப் பார்க்கும்போது நிறுத்தம் இருந்த இடத்தில் ஒரு தனி ஊதுகருவியின் ஒலி எழுகிறது. அதற்கு ஏன் இடம் விட்டிருந்தார்கள் என்று அப்போது விளங்குகிறது. என் கணிப்பில் இந்த நுகர்ச்சியின் பெரும்பகுதி இப்படி முன்பு கண்டதை நினைவில் வைத்து இப்போது காண்பதோடு ஒட்டிப் பார்ப்பதில்தான் இருக்கிறது. இறுதிப் போட்டியை மட்டும் இணைய நேரலையில் பார்ப்பவருக்குக் குறையற்ற ஒரு பொருள் கிடைக்கும். அந்தக் குறைகள் எங்கே இருந்தன என்பது கிடைக்காது.

ஒரே நிகழ்ச்சியைப் பல முறை பார்ப்பதற்கு மற்றொரு காரணம் இருக்கையைப் பற்றியது. அமெரிக்கக் கால்பந்து மைதானம் கோட்டுக்குக் கோடு சுமார் 91 மீட்டர் நீளம், 49 மீட்டர் அகலம். நடை வரைபடங்கள் மேல்தளத்தில் அமரும் நடுவர்களின் கண்ணுக்காக வரையப்படுகின்றன. ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேராக, மேல் வரிசையில் அமர்ந்தால் வட்டம் சிதறி வாளாக மாறுவதும், இரண்டு வரிசைகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடப்பதும் தெளிவாகத் தெரியும். அதே காட்சி மூன்றாம் வரிசையில் அமர்ந்தவருக்குத் தலைகளின் நெரிசல் மட்டுமே. ஆனால் எழுபது, எண்பது பித்தளைக் கருவிகள் ஒரே நேரத்தில் அரங்கை நோக்கித் திரும்பி முழு வீச்சில் ஊதும்போது சட்டைத்துணி நெஞ்சில் அதிர்வதை மூன்றாம் வரிசைதான் தரும். எந்த ஒலிவாங்கியும் அதைப் பிடித்ததில்லை. முதல் முறை மேலே, இரண்டாம் முறை கீழே என்பது பல ரசிகர்களின் ஒழுங்கு. எனக்கும் அதுவே.

ஒலி பற்றிய ஒரு செய்தி பெரும்பாலான பார்வையாளர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்த பிறகு நிகழ்ச்சியைப் பார்க்கும் விதமே மாறிவிடும். ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகிறது. மைதானத்தின் பின்கோட்டில் நிற்பவர் அடிக்கும் அடி முன்கோட்டுக்கு வந்து சேர ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். நிமிடத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில், ஒரு தட்டை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு கூறும் வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது பின்னால் இருப்பவரும் முன்னால் இருப்பவரும், கையசைத்துத் தாளம் காட்டும் நடத்துநரின் கையை மட்டும் பார்த்து ஒரே கணத்தில் வாசித்தால், அரங்கில் இருப்பவர் காதுக்கு அது ஒன்றரைக் கூறுக்கு மேல் பிசகித்தான் வந்து சேரும். ஆகவே முன்னால் நிற்பவர்கள் நடத்துநரின் கையைக் காட்டிலும் பின்னாலிருந்து வரும் டிரம் ஒலியையே நம்பி வாசிக்கிறார்கள். நடத்துநரோ பெரும்பாலும் டிரம் வரிசையின் பாதங்களைப் பார்த்துக் கையை அசைக்கிறார். மைதானத்தின் முன்விளிம்பில் மாரிம்பா, வைப்ரஃபோன், டிம்பனி ஆகிய பெரிய தட்டுக்கருவிகளோடு நிலையாக நிற்கும் முன்வரிசைக் குழுவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பின்னொலியைக் கேட்பதே பாதிப் பயிற்சி. டிரம் வரிசை களத்தின் ஒரு மூலைக்கு ஓடும் நேரத்தில் ஒட்டுமொத்தக் குழுவின் தாளமும் ஒரு கயிற்றின் மேல் நடக்கிறது. ஜூனில் அந்த இடத்தில் பித்தளையின் தாளம் கிழிவதை நாம் கேட்கலாம். ஆகஸ்டில் கிழியவில்லை என்றால், இடையில் எத்தனை பகல்கள் அந்த எட்டு வினாடிக்குச் செலவாகியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் பகல்களை ஊகிக்க வேண்டிய தேவையும் இல்லை, போய்ப் பார்க்கலாம். குழுக்கள் பேருந்திலேயே இரவைக் கழித்து விடியற்காலையில் அடுத்த ஊர் வந்து சேர்ந்து, ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத் தரையில் படுக்கை விரித்துச் சில மணி நேரம் தூங்கி, பிறகு வெயிலில் இறங்குகின்றன. பயிற்சிகள் பெரும்பாலும் யாரும் பார்க்கும்படி திறந்தவெளியில் நடப்பவை. மடக்கு நாற்காலியும் தண்ணீர்ப் புட்டியும் கொண்டு போய் மேட்டில் உட்கார்ந்தால், பயிற்றுநர் ஒலிபெருக்கியில் 'மறுபடி' என்று சொல்வதைப் பதினைந்து முறை கேட்கலாம். சீருடை கிடையாது, தொப்பியும் வெயில்களிம்பும்தான். மாலை ஐந்து மணி வாக்கில் முழு நிகழ்ச்சியையும் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். கட்டணமில்லாத அந்த ஓட்டம், சீட்டு வாங்கிய நிகழ்ச்சியைவிடச் சில நாட்களில் சிறப்பாக அமைந்துவிடும்.

பிறகு வாகன நிறுத்தம். ஆங்கிலத்தில் அதை 'லாட்' என்றே குறுக்கிச் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லலாம். போட்டிக்கு முன்பு ஒவ்வொரு குழுவின் டிரம் வரிசையும் அரங்கத்துக்கு வெளியே லாட்டில் வளைவாக நின்று கைசூடேற்றிக்கொள்ளும். ரசிகர்கள், குறிப்பாகப் பள்ளிகளில் டிரம் வாசிக்கும் பிள்ளைகள், கை நீட்டினால் தொடும் தூரத்தில் சூழ்ந்து நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அரங்கில் நாற்பது மீட்டர் தள்ளிக் கேட்கும் ஸ்னேர் வரிசை, இங்கே ஒரே மனிதன் வாசிப்பதைப் போல ஒலிக்கும். குச்சிகளின் உயரம்கூட ஒன்றாக இருப்பதை இங்கேதான் பார்க்க முடியும். அரங்கத்துக்குள் போகச் சீட்டு வைத்திருந்தும் லாட்டை விட்டு வர மனமில்லாமல் பாதி நிகழ்ச்சியைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

மழை வந்தால் இவையெல்லாம் கலைந்துவிடும். மின்னல் எச்சரிக்கை வந்ததும் அரங்கம் காலியாகும். சில ஊர்களில் குழுக்களை உடற்பயிற்சிக் கூடத்துக்குள் அழைத்து, நடையில்லாமல் நின்ற நிலையில் வாசிக்கச் சொல்வார்கள். மதிப்பெண் கிடையாது. நாற்பது அடி தள்ளி நூற்றைம்பது பேர் மூடிய கூரையின் கீழ் வாசிப்பதைக் கேட்டு, காதடைப்பான் கொண்டுவரவில்லையே என்று வருந்தியபடி முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்த ஓர் இரவை நான் மறக்கவில்லை.

மதிப்பெண்ணின் இடம் என்ன? ரசிகர்கள் அதைப் பழிப்பார்கள். பிறகு பத்தில் ஒரு பங்கு, நூறில் ஒரு பங்கு வரை மனப்பாடமாகச் சொல்வார்கள். நடுவர்கள் முந்தைய வாரத் தரவரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு குழுக்களை அதே படியில் நிறுத்துகிறார்கள் என்பது பழைய புகார். அதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குக் காரணம் உள்நோக்கமாக இருக்கத் தேவையில்லை. எழுபதில் தொடங்கித் தொண்ணூற்றெட்டில் முடிய வேண்டிய ஓர் அளவுகோலில், இன்றைக்கு எவ்வளவு கொடுத்தால் நாளைக்கு இடம் மிஞ்சும் என்று எண்ணாமல் எந்த மனிதரும் எண் போட முடியாது. அந்தப் படிவரிசை உடையும் இரவுகளே ரசிகர்களின் நினைவில் நிற்பவை. 2008-இல் இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டனில் இலினாயின் ஃபேண்டம் ரெஜிமெண்ட், ஸ்பார்ட்டகஸ் என்ற அடிமைத் தலைவனின் கதையை ஆடியது. கோடையின் பெரும்பகுதியில் முன்னிலையில் இருந்த புளூ டெவில்ஸ் 98.100 பெற, ஃபேண்டம் 98.125 பெற்று வென்றது. இரண்டுக்கும் இடையில் நாற்பதில் ஒரு பங்கு. 2014-இல் கலிஃபோர்னியாவின் புளூ டெவில்ஸ் 99.650 பெற்றதுதான் டிசிஐ இறுதிப் போட்டியின் உச்ச மதிப்பெண். எந்த இரவு அதிகமாகப் பேசப்படுகிறது என்று கேட்டால் தயங்காமல் 2008 என்பேன்.

மதிப்பெண்ணும் ரசனையும் பிரிந்து போன வழக்கு 1993. இண்டியானாவின் ஸ்டார் குழு அந்த ஆண்டு சாமுவேல் பார்பர், பேலா பார்ட்டோக் ஆகிய இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களின் இசையை எடுத்துக்கொண்டு, உடலசைவையே மையமாக வைத்த, கைதட்டலுக்கு இடமே விடாத ஒரு நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது. பார்வையாளர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் கேடட்ஸ் 97.4 பெற்று வென்றது, ஸ்டாருக்கு 97.3. அத்தோடு ஸ்டார் போட்டிக் களத்தை விட்டே விலகியது. அதிலிருந்து வளர்ந்த மேடை நிகழ்ச்சி நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகள் வரை போய் 2001-இல் டோனி என்ற நாடக விருது பெற்றது. பிந்தைய முப்பதாண்டு வடிவமைப்பாளர்கள் அந்த 1993 நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சமல்ல. அன்று வெறுத்தவர்களில் சிலர் இன்று அதைத் தங்கள் முதல் ஐந்தில் வைத்துப் பேசுகிறார்கள். ஒரே ஒரு முறை பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

விதி மாற்றங்களைப் பற்றிய சண்டை முடிவற்றது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பித்தளைக் கருவிகள் எல்லாம் ஜி சுருதியில் அமைந்த பியூகிள்களாகவே இருக்க வேண்டும் என்ற விதி 2000-இல் போனது. ஒலிபெருக்கி 2004-இல் வந்தது. மின்னணு விசைப்பலகை 2009-இல் வந்தது. டிராம்போன் உள்ளிட்ட எல்லாப் பித்தளைக் கருவிகளுக்கும் 2014-இல் கதவு திறந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறை ரசிகர்கள் 'இத்தோடு முடிந்தது' என்றார்கள். அடுத்த ஜூனில் முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். ஜி பியூகிள்களின் முரட்டு ஒலியைப் பழைய ஒலித்தட்டுகளில் கேட்கும்போது அவர்களுடைய துக்கம் எனக்குப் புரிகிறது. மின்னணுக் கருவியின் தாழ்ஒலி பித்தளையின் மேல் கம்பளம் போல விழுந்து மூடுவதை நானும் விரும்புவதில்லை. ஆனால் 2014-இல் ஒஹையோவின் புளூகோட்ஸ் குழு அதே மின்னணு ஒலியையும் பித்தளையையும் சேர்த்து, சுருதி மெல்ல வளைந்து சரிவதை ஒரு மைதானம் முழுவதும் கேட்க வைத்த பிறகு, கருவியைக் குற்றம் சொல்லும் பேச்சை நான் குறைத்துக்கொண்டேன்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த விளக்கம் நிறைவுறாது. ஆடுகிறவர்களுக்கு ஊதியமில்லை, அவர்கள்தான் பணம் கட்டுகிறார்கள். பெரிய குழுக்களில் ஒரு கோடைக்கான கட்டணம் 5,000 டாலரைத் தாண்டும். பேருந்துகள், கருவிகளும் சமையலறையும் ஏற்றிய பெரும் லாரிகள், டீசல், பயிற்றுநர்கள், காப்பீடு என்று செலவு வளர்ந்துகொண்டே போகிறது. லாரியின் பக்கவாட்டைத் திறந்தால் சமையலறை. பயிற்றுநர்களும் சேர்த்து இருநூறு பேர் வரை நாளுக்கு நான்கு வேளை சாப்பிடுகிறார்கள். காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்த பெற்றோரும் ரசிகர்களும். நெடுங்கால ரசிகர்கள் கடைசியில் அந்தச் சமையலறையில் போய்ச் சேர்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் கரண்டியோடு நிற்பவருக்கு நிகழ்ச்சியைப் பார்க்கச் சில நாள் நேரமே கிடைக்காது.

இந்தக் கணக்கு ஒவ்வாமல் மறைந்த குழுக்களின் பட்டியல் நீளமானது. முதல் பட்டம் வென்ற அனஹைம் கிங்ஸ்மென் இன்று இல்லை. மசாசூசெட்ஸின் 27-ஆம் லான்சர்ஸ் இல்லை. மஞ்சள் நீள்அங்கியும் நகைச்சுவையுமாக வந்த நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்மென் இல்லை. ஏழு பட்டங்கள் பெற்ற சாண்டா கிளாரா வேன்கார்டு, பணநெருக்கடியால் 2023-இல் களமிறங்காமல் இருந்து, 2024-இல் திரும்பி வந்தது. பத்துப் பட்டங்கள் பெற்ற கேடட்ஸ், ஒரு வழக்கின் சுமையைத் தாங்க முடியாமல் 2024 ஜனவரியில் செயல்பாட்டை நிறுத்தியது, தொண்ணூறாம் ஆண்டில். இதற்கு நேரெதிர், 1940-இல் தொடங்கி டிசிஐ தோன்றிய நாளிலிருந்து ஒரு பட்டமும் இல்லாமலிருந்த பாஸ்டன் குரூசேடர்ஸ், 2025-இல் முதல் பட்டத்தை வென்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குழுவைத் தொடர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெருந்தொற்றால் 2020-இல் போட்டி நடக்கவில்லை. 2021-இல் குழுக்கள் குறுகிய நிகழ்ச்சிகளோடு வந்தன, மதிப்பெண் போடவில்லை. அந்தக் கோடையில் ரசிகர்கள் வழக்கம்போல வந்து, போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன மாறியிருக்கிறது என்று அதே கூர்மையோடு பேசிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். தீர்ப்பு அறிவிக்க யாருமில்லாத அரங்கிலும் அவர்களுக்குப் பேச விஷயம் குறையவில்லை.

2009 முதல் இறுதி வாரம் இண்டியானாபொலிஸின் லூகஸ் ஆயில் அரங்கத்தில் நடக்கிறது. வியாழனன்று எல்லாக் குழுக்களும், வெள்ளியன்று இருபத்தைந்து, சனியன்று பன்னிரண்டு. மூடிய கூரையும் உயர்ந்த சுவர்களும் ஒலியைச் சுழற்றியடிப்பதால் வேகமான டிரம் பகுதிகள் மேல்தளத்துக்குக் குழம்பித்தான் வந்து சேரும். பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில், பள்ளி மைதானத்தின் திறந்த வானத்தின் கீழ் கேட்டதை இங்கே கேட்க முடியாது. அதை ஈடுசெய்வது, கூடியிருப்பவர்களின் நினைவு. ஜூனிலிருந்து அந்த நிகழ்ச்சியைத் தொடர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருப்பதால், எங்கே மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று அரங்கத்துக்கே தெரியும். கோடை முழுவதும் தடுமாறிய ஒரு திருப்பம் இம்முறை பிசகாமல் நிகழ்ந்தால், இசை உச்சத்துக்குப் போகும் முன்பே, புதியவருக்குக் காரணம் விளங்காத ஓர் ஆரவாரம் எழும்.

சனி இரவு பன்னிரண்டு குழுக்களும் களத்தில் வரிசையாக நிற்க, மதிப்பெண்கள் கீழிருந்து மேலாக வாசிக்கப்படும். வயது வரம்பை எட்டியவர்கள் அந்த வரிசையில் எங்கே நிற்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை; முகத்தைப் பார்த்தாலே தெரியும். அந்த நிகழ்ச்சி அதே ஆட்களால் இனி ஆடப்படாது. ஞாயிறு காலை ஓட்டலை விட்டுக் கிளம்பும்போது, அரங்கத்துக்கு வெளியே லாட்டில் லாரிகள் நின்ற இடம் காலியாக இருக்கும். நெடுஞ்சாலையில் ஏறி இரண்டு மணி நேரம் ஆன பிறகும் விரல்கள் ஸ்டியரிங்கின் மேல் தட்டிக்கொண்டிருப்பது, ஜூனில் அந்த நிறுத்தம் இருந்த இடத்தைத்தான்.